பள்ளிப் பிள்ளைகளின் குடற்புழு: மாத்திரை நாளுக்கு முன்னும் பின்னும் செய்ய வேண்டியவை

ஒரு பிப்ரவரி மாலையில், வகுப்பறைக்குப் பின்னால் இருந்த தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் நான்கு மாத்திரைகள் பாதி கரைந்து கூழாக ஒட்டியிருப்பதைப் பார்த்தேன். அன்று பள்ளிக்கு வந்திருந்த எல்லாப் பிள்ளைகளும் குடற்புழு மாத்திரையை உண்டுவிட்டதாகப் பதிவேட்டில் கையெழுத்திட்டவள் நான்தான். நான்கு பிள்ளைகள் நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு போய், தண்ணீர் குடிக்கும் சாக்கில் துப்பியிருந்தார்கள். அதன் பிறகுதான் இந்த வேலையை ஒவ்வொரு கட்டமாக யோசித்துக் குறித்து வைக்கத் தொடங்கினேன். வகுப்பாசிரியர்களுக்கும் பெற்றோருக்கும் பள்ளி மேலாண்மைக் குழுவினருக்கும் பயன்படும் என்ற எண்ணத்தில் அந்தக் குறிப்புகளை இங்கே விரித்து எழுதுகிறேன்.

தேசியக் குடற்புழு நீக்க நாள் 2015 பிப்ரவரி 10 அன்று தொடங்கப்பட்டது. பொதுவாக பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 ஆகிய நாள்களில் 1 முதல் 19 வயது வரையுள்ளவர்களுக்குப் பள்ளியிலும் அங்கன்வாடியிலும் அல்பெண்டசோல் மாத்திரை கொடுக்கப்படுகிறது. விடுபட்டவர்களுக்கு ஒரு வாரம் கழித்து மீண்டும் கொடுக்கப்படுகிறது. விடுமுறை, தேர்வு போன்றவற்றை ஒட்டி மாநில அரசு இந்த நாள்களை மாற்றி அறிவிப்பதும் உண்டு என்பதால், ஆரம்ப சுகாதார நிலையத்திலிருந்து வரும் சுற்றறிக்கையில் உள்ள தேதியையே பின்பற்ற வேண்டும்.

முதல் கட்டம்: எந்தப் புழு, எந்த வழியாக வருகிறது என்று தெரிந்துகொள்ளுதல்

‘வயிற்றில் பூச்சி’ என்று நாம் ஒரே பெயரில் சொல்வது உண்மையில் வெவ்வேறு வாழ்க்கை கொண்ட பல புழுக்களை. மண் வழியாகப் பரவுபவற்றில் உருண்டைப்புழு, சாட்டைப்புழு, கொக்கிப்புழு ஆகிய மூன்றும் முக்கியமானவை. உலகில் ஏறக்குறைய 150 கோடிப் பேருக்கு இவற்றில் ஏதேனும் ஒன்று இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் கணக்கிடுகிறது. இந்த மூன்றையும் பற்றி ஒரு செய்தியை மட்டும் நன்றாக மனத்தில் பதித்துக்கொண்டால், பிறகு சொல்லப்போகும் ஒவ்வொரு நடவடிக்கையும் ஏன் என்பது தானே விளங்கும்: இவை வயிற்றுக்குள் குட்டி போட்டுப் பெருகுவதில்லை. முட்டைகள் மலத்தோடு வெளியேறி, மண்ணில் சில நாள்களோ வாரங்களோ கிடந்து பக்குவமானால்தான் அடுத்த தலைமுறை உருவாகும். ஆகவே ஒரு பிள்ளையின் குடலில் 60 கொக்கிப்புழுக்கள் இருந்தால், அந்த 60 புழுக்களும் வெளியிலிருந்து தனித்தனியாக உள்ளே நுழைந்தவை.

உருண்டைப்புழுதான் பெற்றோர் கண்ணால் பார்ப்பது. பெண் புழு 20 முதல் 35 சென்டிமீட்டர் வரை வளரும். ஒரு நாளில் 2 லட்சம் முட்டைகள் வரை இடும். அந்த முட்டை மண்ணில் இரண்டு மூன்று வாரங்கள் கிடந்த பிறகே தொற்றும் தன்மையை அடைகிறது என்றாலும், ஈரமான நிழல் மண்ணில் ஆண்டுக்கணக்கில் உயிரோடு இருக்க வல்லது. நகக்கண்ணில் ஒட்டிய மண், கழுவாத கொத்தமல்லி, தரையில் விழுந்த நெல்லிக்காய் என எதன் வழியாகவும் அது வாய்க்குள் போய்விடும். சாட்டைப்புழுவின் வழியும் இதுவே. பெருங்குடலின் தொடக்கத்தில் தலையைச் செருகிக்கொண்டு வாழ்வது.

கொக்கிப்புழு வருவது காலின் வழியாக. மலம் கழித்த இடத்து ஈர மண்ணில் ஓரிரு நாள்களில் முட்டை பொரிந்து, ஐந்து முதல் பத்து நாள்களில் தோலைத் துளைக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. பிறகு மூன்று நான்கு வாரங்கள் அந்த மண்ணிலேயே ஒரு வெறுங்காலுக்காகக் காத்திருக்கும். தோலைத் துளைத்து இரத்தத்தில் கலந்து, நுரையீரலுக்குப் போய், மூச்சுக்குழாய் வழியாகத் தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுச் சிறுகுடலை அடைகிறது. விரலிடுக்கில் தோன்றும் அரிப்பும் சிறு கொப்புளமும் அது நுழைந்த இடமாக இருக்கலாம். நாம் அதைச் சேற்றுப்புண் என்று விட்டுவிடுகிறோம். நம் நாட்டில் பெரிதும் காணப்படும் கொக்கிப்புழு நெக்கேட்டர் அமெரிக்கானஸ் என்ற வகை.

இவற்றைத் தவிர, வீட்டில் அதிகம் பேசப்படும் கீரிப்பூச்சி வேறொரு கணக்கு. அது மண்ணை நம்பி இல்லை. கையிலிருந்து வாய்க்கும், பாயிலிருந்து கைக்கும் பரவுவது. அதற்குரிய முறையைத் தனியே பின்னால் சொல்கிறேன்.

இரண்டாம் கட்டம்: பிள்ளையைக் கவனித்தல்

பெரும்பாலான பிள்ளைகளுக்கு வெளிப்படையான அறிகுறி எதுவும் இருக்காது. வகுப்பில் யாருக்கும் புழு இல்லை என்று நாம் நினைத்துக்கொள்வதற்கு அதுவே காரணம். தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பதும், முகத்தில் வெளிறிய தேமல் இருப்பதும் பூச்சியால்தான் என்ற நம்பிக்கை நம்மிடம் வலுவாக இருக்கிறது. அவற்றை வைத்து எதையும் முடிவு செய்ய முடியாது. இனிப்பு தின்றால் பூச்சி வரும் என்பதும் உண்மையன்று. கழுவாத கையால் தின்றால், அது மிட்டாயாக இருந்தாலும் சரி, சோறாக இருந்தாலும் சரி, வரும்.

நான் முதலில் பார்ப்பது கீழிமையின் உட்புறத்தை. இமையை மெல்ல இழுத்துப் பார்க்கும்போது சிவப்புக்குப் பதிலாக வெளிறிய நிறம் தெரிந்தால், பந்து விளையாட்டின் நடுவில் அடிக்கடி உட்கார்ந்துவிடும் பிள்ளையாக இருந்தால், மண், சாம்பல், சாக்பீஸ் போன்றவற்றைத் தின்னும் பழக்கம் இருந்தால், அந்தப் பிள்ளையின் பெயரைக் கிராம சுகாதார செவிலியரிடம் சொல்லி இரத்தத்தில் ஹீமோகுளோபின் அளவைப் பார்க்கச் சொல்ல வேண்டும்.

இதை ஏன் இவ்வளவு வலியுறுத்துகிறேன் என்பதற்கு ஒரு சிறு கணக்கு போதும். நெக்கேட்டர் வகைப் புழு ஒன்றால் நாளொன்றுக்கு இழக்கப்படும் இரத்தம் ஏறக்குறைய 0.03 மில்லிலிட்டர். ஒரு சொட்டுக்கும் குறைவு. ஆனால் 100 புழுக்கள் இருந்தால் நாளுக்கு 3 மில்லிலிட்டர், மாதத்திற்கு 90 மில்லிலிட்டர். 3 மில்லிலிட்டர் இரத்தத்தில் ஒரு மில்லிகிராமுக்குச் சற்று அதிகமான இரும்புச்சத்து இருக்கிறது. சோறும் சாம்பாருமாக உண்ணும் ஒரு பிள்ளையின் உடல் ஒரு நாள் உணவிலிருந்து உறிஞ்சிக்கொள்ளும் இரும்பும் ஏறக்குறைய அவ்வளவுதான். வீட்டில் முருங்கைக்கீரையும் முட்டையும் கொடுத்தும் பிள்ளை தேறவில்லை என்று ஒரு தாய் கண் கலங்கிச் சொல்லும்போது, அவர் கொடுத்தது எங்கே போனது என்பதற்கு இந்தக் கணக்கு ஒரு விடையாக இருக்கக்கூடும். மாதவிடாய் தொடங்கிய பெண் பிள்ளைகளுக்கு இந்த இழப்பு இன்னும் சுமை. இந்தியாவில் 15 முதல் 19 வயதுக்குட்பட்ட பெண்களில் 59 விழுக்காட்டினருக்கு இரத்தசோகை இருப்பதாக ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வு காட்டியது. அதற்குக் காரணங்கள் பல, புழு அவற்றில் ஒன்று.

மூன்றாம் கட்டம்: மாத்திரை நாளுக்கு ஒரு வாரம் முன்பு

பெற்றோரிடம் முன்கூட்டியே பேசாமல் மாத்திரை கொடுப்பதுதான் நாம் வழக்கமாகச் செய்யும் பெரிய தவறு. மறுநாள் மலத்தில் நீளமாக ஒரு புழு விழுந்தால், பள்ளியில் கொடுத்த ஏதோ ஒன்றால் பிள்ளைக்குக் கேடு வந்துவிட்டது என்று அவர்கள் பதறுவது இயல்பே. பெற்றோர் கூட்டத்தில் மூன்று செய்திகளைச் சொன்னால் போதும்: எந்த நாள், என்ன மாத்திரை, கொடுத்த பிறகு என்ன நடக்கலாம்.

கேள்விகள் வரும். “போன மாசந்தான் பேதிக்குக் குடுத்தோம், எம் பேரனுக்குப் பூச்சி எல்லாம் ஒண்ணும் இல்ல டீச்சர்” என்றார் ஒரு பாட்டி. விளக்கெண்ணெய் கொடுத்து வயிற்றைக் கழுவுவது நம் வீடுகளில் நெடுநாள் வழக்கம். அதை இகழ்ந்து பேசினால் பேச்சு அதோடு முடிந்துவிடும். “எண்ணெய் கொடுத்தா வயித்துல தங்கினது வெளியே வரும் பாட்டிம்மா. கொக்கிப்புழு தங்கியிருக்கல, குடலைக் கடிச்சுப் பிடிச்சுக்கிட்டு இருக்கு. அது பிடியை விட்டாத்தானே வரும்?” என்று சொன்னதும் அவருக்கு விளங்கியது. அல்பெண்டசோல் செய்வது அதைத்தான்: புழு சர்க்கரைச்சத்தை உறிஞ்சும் வழியை அடைத்து, அதன் ஆற்றலை வற்றச் செய்து பிடியைத் தளர்த்துகிறது.

மலப் பரிசோதனை செய்யாமல் எல்லோருக்கும் ஏன் கொடுக்கிறீர்கள் என்றும் கேட்பார்கள். நுண்ணோக்கியில் முட்டைகளைத் தேடி எண்ணுவது பயிற்சியும் நேரமும் கேட்கும் வேலை. புழு குறைவாக இருந்தால் ஒரே மாதிரியில் தவறிப்போகவும் கூடும். மாத்திரையோ விலை குறைந்தது, புழு இல்லாத பிள்ளைக்குக் கொடுத்தாலும் தீங்கு செய்யாதது. ஆகவே தொற்று பரவலாக உள்ள இடங்களில் எல்லாப் பிள்ளைகளுக்கும் கொடுப்பதே சரியான வழி என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரையும் ஆகும்.

இதே வாரத்தில் இரண்டு பட்டியல்கள் தயாராக வேண்டும். ஒன்று, வகுப்புவாரியான முழுப் பெயர்ப் பட்டியல். மற்றொன்று, நாள்பட்ட நோய்க்கு மருந்து உண்பவர்கள், எப்போதாவது வலிப்பு வந்தவர்கள் ஆகியோரின் பட்டியல். வலிப்பைக் குறிப்பாகக் கேட்கக் காரணம் உண்டு: நாடாப்புழுவின் கட்டி மூளையில் இருக்கும் ஒருவருக்கு இந்த மருந்து வலிப்பைத் தூண்டக்கூடும். அப்படிப்பட்ட பிள்ளைக்கு மருத்துவரைக் கேட்காமல் கொடுக்கக் கூடாது. வளரிளம் பெண்களில் கருவுற்றிருக்கும் வாய்ப்புள்ளவர் எவரேனும் இருந்தால், அதைச் செவிலியர் தனியே, அந்தப் பெண்ணின் மானம் கெடாமல் கேட்டறிய வேண்டும்.

நான்காம் கட்டம்: மாத்திரை நாள்

இரண்டு வயது நிறைந்தவர்களுக்கு 400 மில்லிகிராம், அதாவது ஒரு முழு மாத்திரை. ஒன்று முதல் இரண்டு வயது வரையுள்ள குழந்தைகளுக்கு அரை மாத்திரை. மூன்று வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மாத்திரையை இரண்டு கரண்டிகளுக்கு இடையே வைத்து நன்றாகப் பொடித்து, குடிநீரில் குழைத்துத்தான் கொடுக்க வேண்டும். அழும் குழந்தையின் மூக்கைப் பிடித்து வாயில் திணிப்பது மூச்சுக்குழாயில் அடைத்து உயிருக்கே ஆபத்தாகும். அழுதால் விட்டுவிட்டு, அடுத்த வாரம் கொடுக்கலாம்.

காய்ச்சலோ வேறு உடல்நலக் குறைவோ உள்ள பிள்ளைக்கு அன்று கொடுக்க வேண்டாம். மற்றவர்களுக்கு மதிய உணவு முடிந்த பிறகு கொடுப்பது எனக்கு வசதியாக இருக்கிறது. வெறும் வயிற்றோடு வரும் பிள்ளைக்குப் பசியால் தலை சுற்றினால்கூட மாத்திரையின் மீதுதான் பழி விழும்.

இனி நான் தண்ணீர்த் தொட்டியருகே கற்றுக்கொண்டது. மாத்திரையைக் கையில் கொடுத்து அனுப்பக் கூடாது. வீட்டுக்கும் கொடுத்துவிடக் கூடாது. ஐந்து ஐந்து பேராக முன்னால் நிற்கவைத்து, மென்று தின்னச் சொல்லி, பேச வைக்கிறேன். தன் பெயரையும் ஊரையும் சொல்லும் பிள்ளையால் மாத்திரையை நாக்கடியில் ஒளித்து வைக்க முடியாது. பிறகு ஒரு தம்ளர் தண்ணீர், வாயைத் திறந்து காட்டுதல், அதற்கப்புறமே பெயருக்கு நேராகக் குறி. முன்பு காலையிலேயே எல்லாப் பெயருக்கும் குறியிட்டுவிட்டுக் கொடுக்கத் தொடங்கியதுதான் நான் செய்த பிழை. ஆசிரியர் ஒருவர் முதலில் தாமே மென்று காட்டினால் சிறு பிள்ளைகளின் அச்சம் பெரிதும் விலகுகிறது.

கொடுத்த பிறகு சிலருக்கு வயிற்றுவலி, குமட்டல், வாந்தி, தலைச்சுற்றல் வரலாம். புழு அதிகமாக இருந்த பிள்ளைக்கே இவை பெரும்பாலும் வருகின்றன. சில மணி நேரத்தில் தாமாக அடங்கிவிடும். நிழலில் படுக்கவைத்து, குடிநீரோ உப்பு சர்க்கரைக் கரைசலோ கொடுத்து, பக்கத்தில் ஒருவர் இருந்தால் போதும். வாந்தி எடுத்த பிள்ளையை மற்றவர்கள் கண்ணில் படாமல் தனி அறைக்கு அழைத்துப்போக வேண்டும் என்பதை நான் அழுத்திச் சொல்வேன். ஒருவரைப் பார்த்து ஒருவராக நான்கு பேருக்கு வாந்தி வந்து, அரை மணியில் ஊரே பள்ளி வாசலில் கூடிவிடக்கூடும். மாத்திரை தொண்டையில் சிக்கினாலோ, மூச்சுத் திணறினாலோ, வலிப்பு வந்தாலோ அடுத்த நொடியே 108ஐ அழைக்க வேண்டும். ஐயம் கேட்க 104 இருக்கிறது.

ஐந்தாம் கட்டம்: அடுத்த ஒரு வாரம்

வராதவர்கள் யார் என்று பாருங்கள். என் அனுபவத்தில், மாத்திரை நாளன்று பள்ளிக்கு வராத பிள்ளைகளே பெரும்பாலும் அதற்கு மிகத் தேவையானவர்கள்: செங்கல் சூளைக்கும் கரும்பு வெட்டுக்கும் போகும் குடும்பத்தின் பிள்ளைகள், தம்பியைப் பார்த்துக்கொள்ள வீட்டில் நிறுத்தப்பட்ட அக்காக்கள். விடுபட்டவர்களுக்கு மீண்டும் கொடுக்கும் நாளுக்குள் வகுப்புத் தோழர்கள் மூலமாகவோ அங்கன்வாடிப் பணியாளர் மூலமாகவோ அவர்களுக்குச் செய்தி போய்ச் சேர வேண்டும். பள்ளியை விட்டு நின்றுவிட்ட பிள்ளைகளுக்கு அங்கன்வாடியில் கொடுக்கிறார்கள்.

உருண்டைப்புழுவை ஒரே மாத்திரை பெரும்பாலும் முழுமையாக வெளியேற்றிவிடும். கொக்கிப்புழுவையும் நன்றாகக் குறைக்கும். சாட்டைப்புழுவுக்கு ஒரு வேளை மாத்திரை பெரும்பாலும் போதாது. ஆகவே மாத்திரைக்குப் பிறகும் சளியும் இரத்தமும் கலந்த கழிச்சல் நீடித்தால் மருத்துவர் பல நாள் மருந்து எழுத வேண்டியிருக்கும். மலம் கழிக்கும்போது ஆசனக்குடல் வெளியே தள்ளுவதும் கடுமையான சாட்டைப்புழுத் தொற்றின் அடையாளமாக இருக்கலாம். வயிறு உப்பி, விட்டுவிட்டுக் கடுமையாக வலித்து, பச்சையாக வாந்தி எடுக்கும் பிள்ளைக்கு வீட்டில் எந்த மருந்தும் கொடுக்கக் கூடாது. உருண்டைப்புழுக்கள் பந்தாகச் சுருண்டு குடலை அடைத்திருக்கக்கூடும். நேரே மருத்துவமனைக்குத்தான் போக வேண்டும்.

புழு போனாலும் இழந்த இரத்தம் தானாகத் திரும்பிவிடாது. பள்ளியில் வாரம் ஒருமுறை கொடுக்கப்படும் இரும்புச்சத்து, போலிக் அமில மாத்திரையைப் பிள்ளைகள் விடாமல் உண்கிறார்களா என்று இந்தக் காலத்தில்தான் கூடுதலாகக் கவனிக்க வேண்டும். மலம் கறுப்பாகப் போகும், அதனால் அஞ்ச வேண்டாம் என்று முன்பே சொல்லிவிட்டால் பாதிப் பேர் நிறுத்த மாட்டார்கள். டீ, காபியோடு சேர்த்து உண்ணக் கூடாது. எலுமிச்சையோ நெல்லிக்காயோ சேர்ந்தால் நல்லது.

ஆறாம் கட்டம்: மாத்திரை தொடாத இடம்

அல்பெண்டசோல் தடுப்பூசி அன்று. இன்று உள்ளே இருக்கும் புழுவை அகற்றும். நாளை நுழையும் புழுவைத் தடுக்காது. இதை நம் மக்களின் வரலாறே ஒருமுறை காட்டியிருக்கிறது. 1916இல் தொடங்கி, இலங்கைத் தோட்டங்களில் கொக்கிப்புழு ஒழிப்புப் பணியை ராக்பெல்லர் அறக்கட்டளை மேற்கொண்டது. சிகிச்சை பெற்றவர்களில் பெரும்பாலோர் தமிழ் மாவட்டங்களிலிருந்து போன தோட்டத் தொழிலாளர்கள். மருந்து வேலை செய்தது. ஆனால் லயங்கள் எனப்படும் தொழிலாளர் குடியிருப்பு வரிசைகளில் கழிப்பறை இல்லாத வரை, அதே மனிதர்கள் அதே மண்ணில் வெறுங்காலோடு நடந்து மீண்டும் தொற்றுக்கு ஆளானார்கள்.

ஆகவே காலிலிருந்து தொடங்குவோம். வகுப்பறைக்கு வெளியே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே இருப்பது நம் வழக்கம், அதில் தவறில்லை. சிக்கல், இடைவேளை மணி அடித்ததும் செருப்பைத் தேடாமல் அப்படியே கழிப்பறைக்கும் அதன் பின்புற மண்ணுக்கும் ஓடுவதில்தான் இருக்கிறது. எங்கள் பள்ளியில் கழிப்பறை வாசலிலேயே எல்லோரும் போடக்கூடிய ஐந்து இணை ரப்பர் செருப்புகளை வைத்தோம். சிறிய செலவு. மழைக்காலத்தில் மட்டும் அவற்றைக் கழுவிக் காயவைக்க ஒருவர் வேண்டும்.

கழிப்பறை இருந்தும் பிள்ளைகள் வெளியே போகிறார்கள் என்றால், நான் முதலில் பார்ப்பது தாழ்ப்பாளையும் வாளியையும். தாழ்ப்பாள் இல்லாத கதவுக்குள் எந்தப் பெண் பிள்ளையும் போக மாட்டாள். தண்ணீர் இல்லாத கழிப்பறை இரண்டாம் நாளே யாரும் நுழைய முடியாததாகிவிடும். பள்ளி மேலாண்மைக் குழுவின் ஒவ்வொரு கூட்டத்திலும் இந்த இரண்டையும் தீர்மானமாக எழுதவைக்கலாம்; எழுத்தில் இருந்தால் கேட்க முடியும். வீட்டில் இரட்டைக் குழிக் கழிப்பறை கட்டியவர்கள், நிரம்பிய குழியை மூடிக் குறைந்தது ஓர் ஆண்டு ஆறவிட்ட பிறகே அள்ள வேண்டும். அதற்கு முன்பே வயலில் போட்டால் உயிருள்ள முட்டைகளையே எருவாகப் போட்டதாகும்.

கை கழுவும் இடத்தில் சோப்பு நிற்பதில்லை என்பது எல்லாப் பள்ளிகளின் குறை. பழைய நைலான் வலைப்பையில் சோப்பைப் போட்டுக் குழாயில் கட்டித் தொங்கவிட்டால் நழுவி விழாது, தொலையாது, கரைந்தும் வீணாகாது. வலையோடு தேய்த்தாலே நுரை வரும். சோறு உண்ணும் முன்பும் கழிப்பறை போய் வந்த பின்பும் 20 விநாடியாவது தேய்க்க வேண்டும். நகத்தைத் திங்கள்கிழமை இறைவணக்கக் கூட்டத்தில் பார்ப்பதோடு நிறுத்தாமல், நகவெட்டி ஒன்றை வகுப்பிலேயே வைத்து, வெட்டிய பின் கொதிநீரில் கழுவுங்கள். எல்லார் முன்னும் திட்டி அனுப்பினால் அந்தப் பிள்ளை அடுத்த வாரம் கையை மறைக்கத்தான் கற்றுக்கொள்ளும்.

பச்சையாக உண்ணும் காய்கறிகளை ஓடும் நீரில் தேய்த்துக் கழுவுவதே பயன் தரும். மஞ்சள் நீரில் ஊறவைத்தால் முட்டைகள் செத்துவிடும் என்று நம்பி இருந்துவிட வேண்டாம். உருண்டைப்புழு முட்டையின் ஓடு அதற்கெல்லாம் அசையாது, கொதித்தால் அழியும்.

கீரிப்பூச்சிக்குத் தனி முறை

இரவில் ஆசனவாயில் அரித்து, தூக்கம் கெட்டு, பிள்ளை அழுதால் அது பெரும்பாலும் கீரிப்பூச்சி. ஒரு சென்டிமீட்டர் அளவுள்ள வெண்ணூல் போன்ற பெண் புழு, பிள்ளை தூங்கும்போது வெளியே வந்து ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. சில மணி நேரத்திலேயே அவை தொற்றத் தயாராகிவிடும். பிள்ளை சொறிந்த விரலை வாயில் வைத்தால் மறுபடியும் முதலிலிருந்து. விடியற்காலையில், குளிப்பதற்கு முன், ஒட்டும் நாடாவை அந்த இடத்தில் ஒட்டியெடுத்து ஆய்வகத்தில் கொடுத்தால் முட்டை தெரியும்.

இதற்கு, கருவுற்றவர்களையும் கைக்குழந்தைகளையும் மருத்துவரின் அறிவுரைக்கு விட்டுவிட்டு, வீட்டில் உள்ள மற்ற அனைவரும் ஒரே நாளில் மருந்து உண்டு, இரண்டு வாரம் கழித்து மீண்டும் ஒருமுறை உண்ண வேண்டும். மருந்து முட்டையை அழிக்காது என்பதால்தான் அந்த இரண்டாம் வேளை. காலையில் எழுந்ததும் குளிப்பாட்டுவது, உள்ளாடையை நாள்தோறும் மாற்றுவது, பாய், போர்வை, தலையணை உறைகளை உதறாமல் எடுத்துச் சுடுநீரில் துவைத்து வெயிலில் உலர்த்துவது ஆகியவற்றையும் அந்த இரண்டு வாரமும் செய்ய வேண்டும். இது அழுக்கான வீட்டு நோய் அன்று. எந்த வீட்டுக்கும் வரும். அதைச் சொல்லிவிட்டுத்தான் தாயிடம் மற்றதைச் சொல்வேன்.

ஏழாம் கட்டம்: வீட்டுப் பெரியவர்கள்

உருண்டைப்புழுவும் சாட்டைப்புழுவும் பள்ளி வயதில்தான் அதிகம். கொக்கிப்புழு அப்படியில்லை, வயது ஏற ஏறக் கூடி, நடவுக்கும் களைக்கும் போகும் பெரியவர்களிடம் நிலைத்திருக்கிறது. பள்ளியில் எத்தனை முறை கொடுத்தாலும், மாலையில் பிள்ளை திரும்பிப் போவது அந்தப் பெரியவர்கள் நடக்கும் அதே வரப்புக்குத்தான். ஊரில் உள்ள எல்லா வயதினருக்கும் மருந்து கொடுத்தால் பரவலையே நிறுத்த முடியுமா என்று ஆராய்ந்த டிவார்ம்3 என்ற பன்னாட்டு ஆய்வின் இந்தியக் களம் நம் திமிரியும் ஜவ்வாது மலையும்தான். வேலூர் கிறித்துவ மருத்துவக் கல்லூரி அதை நடத்தியது.

ஊரில் எல்லா வயதினருக்கும் மருந்து வரும்வரை நாம் காத்திருக்க வேண்டியதில்லை. இரத்தசோகை கண்டறியப்பட்ட பிள்ளையின் பெற்றோரையும் தாத்தா பாட்டியையும் ஆரம்ப சுகாதார நிலையத்திற்கு அனுப்புகிறேன். போகும்போது அவர்கள் கையில் ஒரு சீட்டு கொடுக்கிறேன்: பிள்ளையின் ஹீமோகுளோபின் அளவு, மாத்திரை உண்ட தேதி, வீட்டில் கழிப்பறை உண்டா, வயல் வேலைக்குப் போகிறவர் எத்தனை பேர் என்ற நான்கு வரிகள். அதன் படியொன்று என் நோட்டில் இருக்கும். ஆகஸ்ட் சுற்றறிக்கை வரும்போது முதலில் திறப்பது அந்த நோட்டைத்தான்.